மஞ்சள் மண்டிக்குத் தற்காலிகத் தொலைபேசி: 4ஜி டாங்கிள் தாங்குமா?

2024 செப்டம்பர் 9, காலை (கேள்வி)

ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டி நடத்துகிறோம். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதால், மூன்று மாதத்துக்கு ஊருக்கு வெளியே உள்ள எங்கள் கிடங்கிலேயே அலுவலகம் நடக்கப் போகிறது. அங்கே செம்புக் கம்பியும் போகவில்லை, ஃபைபரும் வரவில்லை. எங்களுக்கு 0424 குறியீட்டில் இரண்டு லேண்ட்லைன் எண்கள் உண்டு. ஒன்று பேச்சில் இருந்தால் அழைப்பு மற்றொன்றுக்குத் தாவும். 4ஜி டாங்கிள் (சிம் போட்டு இணையம் தரும் சிறு கருவி) ஒன்றை ரவுட்டரில் செருகினால் அதிலிருந்தே இரண்டு மேசைத் தொலைபேசிகளையும் ஓட்டிவிடலாம், லேண்ட்லைனே இனித் தேவையில்லை என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா?

2024 செப்டம்பர் 9, இரவு

ஓட்டலாம். நான் சேலத்தில் இன்டர்காம், மேசைத் தொலைபேசி வேலை பார்ப்பவன். இதே போன்ற ஏற்பாட்டைக் கண்காட்சி அரங்குகளிலும் புதுக் கட்டடங்களிலும் செய்திருக்கிறேன்.

டாங்கிள் இணையத்தைத் தருகிறது. ரவுட்டர் அதைப் பகிர்கிறது. ரவுட்டரிலிருந்து ஒரு கம்பி ஏடிஏ என்னும் சிறு பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியின் பின்புறம் ஆர்ஜே-11 துளைகள் இருக்கும்; பழைய மேசைத் தொலைபேசியை அதில் செருகினால், எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த டயல் டோன் போலவே ஒன்று கேட்கும். இவை எல்லாவற்றுக்கும் மேல், வெளியுலகத்தோடு பேச ஓர் எண் வேண்டும். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றிடம் எஸ்ஐபி கணக்கு, அதாவது இணையத்தின் மேல் ஓடும் தொலைபேசி எண், வாங்கி அதன் விவரங்களை ஏடிஏவில் பதிந்தால்தான் மணி அடிக்கும். கடைக்காரர்கள் டாங்கிளை விற்கும்போது இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வதில்லை.

ஜி.711 என்னும் வழக்கமான குரல் முறைக்கு ஓர் அழைப்புக்கு 64 கேபிபிஎஸ் இணைய வேகம் போதும். இரண்டு லைனுக்கு 128. எந்த 4ஜி இணைப்பும் இதைத் தாங்கும். கிடங்குக்குள் சிக்னல் எப்படி என்று பார்த்து எழுதுங்கள்.

2024 செப்டம்பர் 10, காலை

நேற்று டாங்கிளைப் பற்றியே எழுதி, முதலில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். உங்கள் பழைய எண்ணை என்ன செய்யப் போகிறீர்கள்?

சாக்குப் பையில் ஸ்டென்சில் வைத்து அடித்திருப்பது அந்த எண். பில் புத்தகத்திலும் எடைச் சீட்டிலும் இருப்பது அந்த எண். நிஜாமாபாத், சாங்லி வியாபாரிகளின் நோட்டுப் புத்தகத்தில் பத்து இருபது வருடமாக இருப்பதும் அதுதான். புதிய எஸ்ஐபி எண்ணைக் கொண்டுவந்து வைத்தால் யாரும் அதில் கூப்பிடப் போவதில்லை. நீங்கள் வெளியே பேசலாம், உள்ளே வரும் அழைப்பு செத்துவிடும். மண்டிக்கு உள்ளே வரும் அழைப்புதான் தொழில்.

எண் உங்கள் கடைச் சுவரிலோ கம்பியிலோ இல்லை, எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. கட்டடத்தை இடிக்கும்போது கம்பி அறுந்தாலும் எண் அங்கே உயிரோடுதான் இருக்கும். ஆகவே கம்பியை ஒப்படைத்துவிடாதீர்கள், இணைப்பை ரத்து செய்யாதீர்கள், மாத வாடகையைத் தவறாமல் கட்டுங்கள். எக்ஸ்சேஞ்சில் மனுக் கொடுத்து, இரண்டு எண்களுக்கும் வரும் அழைப்பு எல்லாவற்றையும் வேறோர் எண்ணுக்குத் திருப்பச் சொல்லுங்கள். கம்பி செத்திருந்தாலும் இந்தத் திருப்புதல் வேலை செய்யும், ஏனென்றால் அது நடக்கும் இடம் எக்ஸ்சேஞ்ச். திருப்பிய அழைப்புக்கான கட்டணம் உங்கள் கணக்கில் ஏறும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிப்பதற்கு முன்பே இதைச் செய்து, இரண்டு நாள் சோதித்துப் பாருங்கள். அறுந்த பிறகு ஓடினால் மனு மேசையில் கிடக்கும் நாள் எல்லாம் உங்களுக்கு நட்டம்.

2024 செப்டம்பர் 12

வேறொருவர் இங்கே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: வெளிநாட்டு இணைய அழைப்புச் சேவை ஒன்றில் மலிவாகக் கணக்கு வாங்கி, பல சிம் போடும் பெட்டி ஒன்றின் வழியாக உள்ளூர் எண்களோடு இணைத்துவிடலாம் என்று. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இணையத்தில் வரும் அழைப்பை உரிமம் இல்லாமல் உள்ளூர்ச் சிம் வழியாக இறக்குவதைத்தான் சிம் பாக்ஸ் மோசடி என்று போலீசார் பிடிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கிடங்கில் மின்னும் பெட்டியைப் பார்த்துவிட்டு யாராவது புகார் கொடுத்தால், நாங்கள் மஞ்சள் விலை பேசத்தான் வைத்தோம் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

நேர்வழி இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் எந்த இணைய இணைப்பின் மேலும் தொலைபேசி எண் தரலாம் என்று 2018 ஜூனிலேயே தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்திவிட்டது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் விங்ஸ் என்ற பெயரில் அப்படியொரு சேவையைத் தொடங்கியது. டாங்கிளில் எஸ்ஐபி எண் ஓட்டுவது குற்றமில்லை. எண்ணை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு இரவு

இன்று ஈரோட்டுக்கே போய்விட்டேன். எழுதி எழுதிப் புரியவைப்பதைவிட, பார்த்துவிட்டு வருவது மேல் என்று தோன்றியது.

கிடங்கு முழுவதும் தகரக் கூரை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஷட்டர். உள்ளே நுழைந்ததுமே கைப்பேசியில் கோடுகள் மறைந்தன. தகரம் வானொலி அலையை உள்ளே விடாது. கணக்குப்பிள்ளையின் மேசை மேல் டாங்கிளை வைத்தபோது சிக்னல் அளவு மைனஸ் 112 டிபிஎம். இந்தக் கணக்கில் எண் பூஜ்யத்தை நோக்கி வர வர நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டிவிட்டால் இணைப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். மூன்று மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு பிவிசி குழாய்த் துண்டைக் கட்டி, அதற்குள் டாங்கிளைத் தொங்கவிட்டேன். மைனஸ் 91-க்கு வந்துவிட்டது. இருபத்தொரு டெசிபல் என்பது நூறு மடங்குக்கும் மேலான வலு. எந்த விலையுயர்ந்த ரவுட்டரும் இதைச் செய்யாது, ஒரு குழாய்த் துண்டு செய்தது.

இன்னொன்றும் பார்த்தேன். வெளியே எடுக்கும் முன், மதியம் இரண்டு மணிக்குத் தகரத்துக்கு அடியில் இருந்த டாங்கிளை விரலால் தொட முடியவில்லை. அந்தச் சூட்டில் அது தானாக அணைந்து, மீண்டும் எழுந்து, இணைப்பைத் தேடத் தொடங்கியது. குழாயின் அடியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. வெயில் நேரே படாத வடக்கு ஜன்னலைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மேசைத் தொலைபேசி இரண்டிலும் டயல் டோன் வந்தது. அழைத்தால் மணி அடித்தது. ஆனால் அவர்கள் பழக்கத்தில் ஒரே லைனில் மூன்று தொலைபேசிகளை இணையாகக் கட்டியிருந்தார்கள்: கல்லாவில் ஒன்று, எடை மேடையில் ஒன்று, முதலாளி அறையில் ஒன்று. எக்ஸ்சேஞ்ச் ஏறக்குறைய 75 வோல்ட் அனுப்பி அத்தனை மணியையும் அடிக்கவைத்தது. இந்தச் சிறு பெட்டிக்கு அந்தத் தெம்பு இல்லை; மூன்றையும் மாட்டினால் எலி கீச்சிடுவது போல ஒரு சத்தம்தான் வருகிறது. ஒரு துளைக்கு ஒரு தொலைபேசி என்று பிரித்துவிட்டேன்.

அழைப்பவர் எண் திரையில் தெரியவில்லை என்று கணக்குப்பிள்ளை சொன்னார். எண்ணைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டு, ரிசீவரை எடுக்கும் முன்பே அந்த ஊர்ப் பேரேட்டைப் புரட்டி வைத்துக்கொள்பவர் அவர். அவருடைய தொலைபேசி டிடிஎம்எஃப் முறையில் எண்ணை எதிர்பார்க்கிறது, பெட்டியோ வேறு முறையில் அனுப்பிக்கொண்டிருந்தது. அமைப்பில் ஒரு வரியை மாற்றியதும் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் வந்த நிம்மதிக்காகவே அந்தப் பயணம் தகும்.

2024 செப்டம்பர் 17

இரண்டு நாளாக எந்தக் குறையும் இல்லை என்று மண்டியிலிருந்து செய்தி. லேண்ட்லைன் திருப்புதலும் வேலை செய்கிறது.

2024 செப்டம்பர் 19

இன்று மாலை நாலு மணிக்கு இரண்டு லைனும் ஒன்றாகக் கெட்டுப் போயின. மணி அடிக்கிறது, எடுத்தால் துண்டு துண்டாகச் சத்தம் வருகிறது. எனக்கு அழைத்தவர் சொன்னது: "ஏனுங்க, வெல சொல்றது பாதி கேக்கறதில்லைங்க, நாங்க எப்படீங்க யாவாரம் பண்றது?"

காரணத்தைத் தேடியபோது, 9ஆம் தேதி நான் எழுதிய கணக்கே தவறு என்று தெரிந்தது. 64 கேபிபிஎஸ் என்பது குரலுக்கு மட்டும். ஆனால் குரல் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு 20 மில்லி விநாடிப் பேச்சும் 160 பைட்டாக வெட்டப்பட்டு, அதன் தலையில் முகவரி விவரங்கள் 40 பைட் ஏறி, 200 பைட் பொட்டலமாகப் போகிறது. விநாடிக்கு ஐம்பது பொட்டலம். பெருக்கிப் பாருங்கள்: 80 கேபிபிஎஸ். அதுவும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக. 64 என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

இந்தப் பதினாறு கேபிபிஎஸ் வித்தியாசத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். அவர்களுடைய சிம்மில் நாளொன்றுக்கு 2 ஜிபி. அது தீர்ந்தால் இணைப்பு அறுவதில்லை, வேகம் 64 கேபிபிஎஸாக இறங்கிவிடும். வாட்சப் செய்திக்கு அது போதும். 80 கேட்கும் அழைப்பு ஒன்றுகூட அதில் போகாது. மணி அடிக்கவைக்கும் சமிக்ஞை மிகச் சிறியது, அதனால் மணி மட்டும் அடிக்கும், பேச்சு உடையும். இன்று நடந்தது அச்சாக இதுதான்.

குரல் தின்றதா அந்த 2 ஜிபியை? இல்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரு திசையும் சேர்த்து 72 எம்பிதான். நாள் முழுவதும் நாலு மணி நேரம் பேசினாலும் 300 எம்பிக்குள் முடிந்துவிடும். அலுவலக மடிக்கணினியும் அதே வைஃபையில் இருந்தது. அது காலையிலிருந்து தன் இயங்குதளப் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இனி தொலைபேசிக்குத் தனி டாங்கிள், தனிச் சிம், வைஃபை கடவுச்சொல் யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஏடிஏவைக் கம்பியில் மட்டும் மாட்டி, அந்த ரவுட்டரின் வைஃபையையே அணைத்தாயிற்று.

ஜி.729 என்னும் சிக்கன முறைக்கு மாற்றலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதில் 24 கேபிபிஎஸ் போதும். நாள் ஒதுக்கீடு தீர்ந்தபின்னும் இரண்டு அழைப்பு நெருக்கி அடித்துப் போய்விடும். மாற்று ஏற்பாடாக அமைத்து வைத்திருக்கிறேன். குரல் கொஞ்சம் டப்பாவுக்குள் பேசுவது போல இருக்கும்.

2024 செப்டம்பர் 20

நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்று இன்று வேறோர் ஊரிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இந்த நோய் எனக்குப் பழக்கம்.

2011-இல் ஒரு ஜவுளிக் கண்காட்சி. மூன்று நாளைக்கு இரண்டு தொலைபேசி வேண்டும். அப்போது 3ஜி யுஎஸ்பி டேட்டா கார்டு புதிது. மடிக்கணினியில் அதைச் செருகி, பகிர்ந்து, பெட்டியை மாட்டி, பெருமையோடு ரிசீவரை எடுத்து அரங்க உரிமையாளரிடம் நீட்டினேன். அவர் ஹலோ, ஹலோ என்று பத்து முறை கத்தினார். எதிர்முனையில் இருந்தவருக்குப் பத்தும் கேட்டிருக்கிறது. அவர் சொன்ன பதிலில் ஒன்றும் இங்கே வரவில்லை. முழுப் பகலும் போராடி, இரவு எட்டு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. எனக்குக் குரலை இங்கே அனுப்பு என்று பெட்டி எழுதி அனுப்பிய முகவரி 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி. வெளியே இருப்பவருக்கு அந்த முகவரியால் பயன் இல்லை. வாசல் எண் எழுதித் தெருப் பெயரை விட்ட கடிதம் போல, குரல் எங்கோ போய் விழுந்துகொண்டிருந்தது.

இன்றைய 4ஜியில் இது இன்னும் ஓர் அடுக்கு கூடியிருக்கிறது. உங்கள் டாங்கிளுக்குக் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நிறுவனம் ஒரு பொது முகவரியைப் பலருக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து யாரும் நேரே உங்கள் பெட்டியைத் தட்ட முடியாது. பெட்டிதான் இருபது முப்பது விநாடிக்கு ஒரு முறை வெளியே ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, வழியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பு அணைந்திருந்தால் காலையில் பெட்டியை இயக்கியதும் வரும் முதல் அழைப்பு நன்றாக வரும், அரை மணி சும்மா இருந்தபின் வரும் அழைப்பு வராது.

ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு முகவரிகளைத் திருத்திக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். முதல் வேலையாக அதை அணையுங்கள். பத்தில் எட்டு ஒருவழிப் பேச்சு அதோடு தீர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2024 செப்டம்பர் 24

தனிச் சிம் வைத்தபின்னும் மண்டியில் பேச்சு இடையிடையே விழுங்கப்படுகிறது. இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நேற்று ஒரு வியாபாரி கிழங்கு மஞ்சளுக்குக் குவிண்டாலுக்கு இன்ன ஆயிரத்து அறுநூறு என்று சொல்லியிருக்கிறார். கணக்குப்பிள்ளை காதில் நூறு என்று விழுந்திருக்கிறது. அறு என்ற இரண்டெழுத்தைச் சொல்ல ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். பத்துப் பொட்டலம் தொலைந்தால் அது காணாமல் போய்விடும். மீதி நூறு என்பதும் ஒரு முழுமையான சொல்லாகவே நிற்கிறது, கேட்பவருக்குச் சந்தேகமே வராது. குவிண்டாலுக்கு ஐந்நூறு ரூபாய் வித்தியாசம். நல்ல வேளையாக அவர் விலையைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ளவர், அதனால் பிடிபட்டது. சாதாரணப் பேச்சில் ஓர் அசை போனால் பொருளை ஊகித்துக்கொள்ளலாம். எண்ணில் ஊகம் கிடையாது.

மாலையில்தான் இது அதிகம். அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் வந்து கைப்பேசியைத் திறக்கும் நேரம் அது. இறங்கும் வேகத்தைச் சோதித்தால் இப்போதும் 12 எம்பிபிஎஸ் காட்டுகிறது. நமக்கு வேண்டியது அது இல்லை. பேச்சு இரு திசையிலும் சமமாகப் போக வேண்டும். டாங்கிளின் ஒலிபரப்பு வலு அதிகபட்சம் 0.2 வாட். டவரின் வலுவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. தூரம் கூடக்கூட முதலில் நொண்டுவது ஏறும் திசைதான். விளம்பரத்தில் வருவது எப்போதும் இறங்கும் வேகம்.

2024 செப்டம்பர் 26

மூன்று நாள் யோசித்தபின் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். 9ஆம் தேதி ஓட்டலாம் என்று ஒரே சொல்லில் பதில் சொன்னது அவசரம். இரண்டு லைன், எண்களைப் பேசும் தொழில், மாலை நெரிசல் உள்ள டவர் என்றால், டாங்கிளின் இணையத்தின் மேல் குரலை ஏற்றுவது சரியான வழி அல்ல.

4ஜி வலையமைப்பு எல்லாப் பொட்டலங்களையும் ஒன்றாக நடத்துவதில்லை. கைப்பேசியில் சாதாரணமாக ஓர் எண்ணை அழைத்துப் பேசும்போது, வோல்டி என்னும் அந்த 4ஜிக் குரல் பேச்சுக்கு வலையமைப்பே தனிப் பாதை ஒதுக்குகிறது. அதன் வகை எண் 1. குறைந்தபட்ச வேகம் உறுதி செய்யப்பட்டது. நெரிசலிலும் அதற்கு இடம் உண்டு. இணையத் தரவுக்கு வழக்கமாகக் கிடைப்பது வகை 9, அதாவது வரிசையின் கடைசி. டாங்கிள் வழியாக நாம் அனுப்பும் எஸ்ஐபி பேச்சு வலையமைப்பின் பார்வையில் வெறும் இணையத் தரவு. பக்கத்து வீட்டு வீடியோவும் நம் மஞ்சள் விலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. டாங்கிளை எங்கே தொங்கவிட்டாலும் இது மாறாது.

ஆகவே குரலுக்குச் சிம் செருகும் மேசைப் பெட்டியை வாங்குங்கள். கடையில் எஃப்சிடி என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே சிம், வெளியே ஆன்டெனா, பின்னால் ஆர்ஜே-11 துளை. பழைய மேசைத் தொலைபேசியை அதிலேயே மாட்டலாம். பேச்சு இணையத்தில் போகாது, வலையமைப்பின் குரல் பாதையில் போகும். லேண்ட்லைன் அழைப்பை இந்தச் சிம் எண்ணுக்குத் திருப்பிவிட்டால் போதும். எஸ்ஐபி கணக்கு, ஏடிஏ, ஏஎல்ஜி, 100.64 எதுவும் வேண்டாம்.

எத்தனையோ இடத்தில் டாங்கிள் ஏற்பாட்டை நானே வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பலவும் மூன்று நாள் கண்காட்சிகள், நல்ல டவருக்கு அடியில். மூன்று மாத மண்டி வேறு என்பதை அந்த அறுநூறு வந்துதான் எனக்குக் காட்டியது.

2024 செப்டம்பர் 28

அவசரத் திருத்தம். எஃப்சிடி வாங்கும் முன் பெட்டியின் மேல் வோல்டி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் இன்னும் 2ஜி மட்டும் தெரிந்த பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 2ஜியே இல்லாத வலையமைப்பின் சிம்மை அதில் போட்டால் உயிரே வராது. ஜியோ சிம் அப்படித்தான். முந்தைய குறிப்பில் இதை எழுதாமல் விட்டதால் ஒருவர் பழைய பெட்டியை வாங்கிவிட்டு எழுதியிருக்கிறார். என் தவறு, வருந்துகிறேன்.

2024 அக்டோபர் 3

இரண்டு எஃப்சிடி, இரண்டு சிம் என்று மண்டியில் மாற்றியாயிற்று. ஒன்று பேச்சில் இருந்தால் அடுத்ததற்குத் தாவும் பழைய வசதியை எப்படிக் கொண்டுவந்தோம் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் சிம் பேச்சில் இருக்கும்போது வரும் அழைப்பை இரண்டாம் சிம்முக்குத் திருப்பும்படி அமைக்க வேண்டும். முன்பு இதற்கெல்லாம் *401# என்று அடித்து முடித்துவிடுவோம். மோசடிக்காரர்கள் அதே குறியீட்டை வைத்து மக்களின் அழைப்பைத் தங்களுக்குத் திருப்பிக்கொண்டதால், 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வழியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இப்போது சிம்மைச் சாதாரணக் கைப்பேசியில் போட்டு, அழைப்பு அமைப்புகள் பகுதிக்குள் போய், பேச்சில் இருக்கும்போது திருப்பு என்பதில் இரண்டாம் எண்ணைப் பதியுங்கள். பதிவு வலையமைப்பில் தங்கிவிடும். பிறகு சிம்மை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

இதைச் செய்தும் முதல் நாள் தாவவில்லை. கால் வெயிட்டிங் திறந்திருந்தது. அது திறந்திருக்கும் வரை வலையமைப்பின் கணக்கில் அந்தச் சிம் பேச்சில் இருப்பதாகவே ஆகாது. இரண்டாம் அழைப்பு காதுக்குள் பீப் பீப் என்று அடித்துக்கொண்டு நிற்கும். அதை அணைத்ததும் தாவியது.

சிம் இரண்டும் மண்டியின் பெயரில், உரிய ஆவணத்தோடு வாங்கப்பட்டவை. வேலையாளின் பெயரில் வாங்காதீர்கள். ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரைதான் இருக்கலாம் என்பது ஒரு பக்கம். அவர் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் தொழில் எண்ணும் அவரோடு போய்விடும் என்பது பெரிய பக்கம்.

2024 அக்டோபர் 14

ஆயுத பூசைக்குப் போயிருந்தேன். பெட்டிகள் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். காற்றுத் துளையில் மட்டும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அறுநூறும் நூறும் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. கணக்குப்பிள்ளை ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பேரேடு எழுதுகிறார். பேச்சு உடையும்போது அவர் ஒரு கையால் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருப்பார்.

மின்சாரம் பற்றிக் கேட்டவருக்கு: பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் அனுப்பியது, ஊர் இருண்டாலும் தொலைபேசி பேசியது. இந்தப் பெட்டிகளுக்கு நம் கரண்ட்தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பகல் முழுவதும் கரண்ட் இருக்காது. 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை வாங்கி, அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

வாட்சப் அழைப்பு போதாதா என்ற கேள்விக்கு: லேண்ட்லைன் எண்ணை விரலால் அமுக்கி அழைக்கும் விவசாயியின் அழைப்பு வாட்சப்பில் வராது. கார்டு தேய்க்கும் கருவிக்குத் தனிச் சிம் உண்டு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

2024 நவம்பர் 5

தீபாவளி முடிந்து ஒரு சிறு சேர்க்கை. டாங்கிள் ஏற்பாடே வீண் என்று நான் சொல்லிவிட்டதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அதே கிடங்கில் பழைய டாங்கிளும் ஏடிஏவும் இப்போதும் ஓடுகின்றன. இடிந்த கடை நிற்கும் இடத்தில் மேஸ்திரியோடு இருக்கும் முதலாளியின் மகனுக்கும் கிடங்குக்கும் இடையே இன்டர்காம் போல அது பயன்படுகிறது. ஓர் அசை விழுங்கப்பட்டால் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசும் இடமாக இருந்தால் பத்து எஃப்சிடி அடுக்க முடியாது. அங்கே எஸ்ஐபிதான் வழி. அப்போது வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு சிம்மும், ஏறும் திசையில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கத் தெரிந்த ரவுட்டரும் வேண்டும்; கோப்பு ஏற்றும் கணினிக்கு வேகக் கட்டுப்பாடு போட வேண்டும். ஒரு புகைப்படத்தை ஏற்றிக்கொண்டே பிங் (ஒரு சிறு பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். 60 மில்லி விநாடி 900 ஆகிறதென்றால் அந்த ரவுட்டர் உதவாது. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை; அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி விழுவார்கள்.

2024 டிசம்பர் 10

புதுக் கட்டடத்துக்கு மண்டி திரும்பிவிட்டது. செம்பு போய் ஃபைபர் வந்திருக்கிறது. பெட்டியின் பின்னால் தொலைபேசித் துளை. பழைய இரண்டு எண்களும் அதிலேயே. இதிலும் குரல் எஸ்ஐபியாகத்தான் போகிறது, ஆனால் நிறுவனத்தின் சொந்த வலைக்குள் அதற்கென்று பிரித்த பாதையில் போவதால் சுத்தமாக இருக்கிறது. யுபிஎஸ்ஸை இங்கேயும் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பிய முதல் நாள் காலை பதினொரு மணி வரை ஓர் அழைப்பும் வரவில்லை. புது லைன் கெட்டுவிட்டது என்று பயந்து என்னை அழைத்தார்கள். லைனில் ஒரு குறையும் இல்லை. திருப்புதலை ரத்து செய்ய மனுக் கொடுக்கவில்லை. பூட்டிய கிடங்கில் இரண்டு எஃப்சிடியும் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. இடம் மாறும் நாளுக்கு முந்தின நாளே ரத்து மனுக் கொடுங்கள். அடுத்த நாள் காலை கடை திறந்ததும் வேறொரு கைப்பேசியிலிருந்து இரண்டு எண்களுக்கும் நீங்களே அழைத்து, எந்தத் தொலைபேசி அடிக்கிறது என்று பாருங்கள்.

சிம் இரண்டையும் உடனே ஒப்படைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இந்த மூன்று மாதத்தில் மண்டியிலிருந்து வெளியே போன அழைப்பெல்லாம் அந்தச் சிம் எண்களைத்தான் காட்டியிருக்கும். சிலர் அதைச் சேமித்து வைத்திருப்பார்கள். ரத்தான எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். பங்குனியில் புதுச் சரக்கு வரும் சமயம், மண்டி என்று நினைத்து யாரோ ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். குறைந்த கட்டணத்தில் இந்தப் பருவம் முடியும் வரை இரண்டையும் உயிரோடு வைத்து, வரும் அழைப்பை 0424 எண்ணுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம்.